சர்க்கரைப் பாகில் ஒரு மேன்டில் ப்ளூம்: தொட்டி செய்யும் முறை

பூமியின் மேலோட்டுக்கும் உலோகக் கருவத்துக்கும் நடுவே 2,900 கி.மீ. தடிமனில் இருக்கும் பாறைதான் மேன்டில். பள்ளிப் புத்தகத்தில் கவசம் என்று படித்திருப்பீர்கள். அது உருகிய குழம்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். அது திடப் பாறை. கோடி ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பாகுபோல் மெல்ல ஓடுகிற திடப் பாறை. கருவத்தை ஒட்டிய அடிப்பகுதி சூடேறி, லேசாகி, ஓரிடத்தில் திரண்டு மேலே கிளம்பினால் அதைப் ப்ளூம் என்கிறார்கள். முன்னே உருண்டைத் தலை, பின்னே மெல்லிய வால். மேலே வந்து கடைசி நூறு நூற்றைம்பது கி.மீ. ஆழத்தை எட்டும்போதுதான் அழுத்தம் குறைந்து அதில் ஒரு பகுதி உருகும். எரிமலைக்குப் போவது அந்தப் பகுதி மட்டும்.

இதைப் படத்தில் பார்ப்பதைவிடத் தொட்டியில் பார்ப்பது நல்லது. 1990-இல் ஆஸ்திரேலியாவில் கிரிஃபித்ஸ், கேம்பெல் இருவரும் தலை-வால் கணக்கை நிறுவியதும் குளுக்கோஸ் பாகில் செய்த சோதனைகளை வைத்துத்தான். கீழே சொல்வது அதன் வீட்டுப் பதிப்பு. சூடு கொடுக்கும் இடம் ஒன்றே ஒன்று. கடைசிவரை அதை மாற்றப் போவதில்லை. மேலே போடும் மூடியை மட்டும் மாற்றுவோம். நகரும் மூடி போட்டால் ஹவாய், குளிர்ந்து இறுகிய மூடி போட்டால் செவ்வாய், மெல்லிய தோல் போட்டால் வெள்ளி.

ஏன் பாகு?

தண்ணீரில் சாயம் விட்டு அடியில் சூடாக்கினால் ஊதுபத்திப் புகை மாதிரி சுழன்று கலைந்துவிடும். தண்ணீருக்கு ஓட்ட வேகத்தின் உந்துதல் இருக்கிறது. மேன்டிலில் அது சுத்தமாக இல்லை, தள்ளுவதை நிறுத்தினால் அந்தக் கணமே நின்றுவிடும். கெட்டிப் பாகும் அப்படியே. இன்னொரு பொருத்தமும் உண்டு: சூடானால் பாறையும் இளகும், பாகும் இளகும். குளுக்கோஸ் பாகில் 10 டிகிரி கூடினாலே பாகுத்தன்மை பாதிக்கும் கீழே போய்விடும். குடைக்காளான் மாதிரித் தலையும் நூல் மாதிரி வாலும் வருவதற்கு இந்தக் குணம்தான் காரணம். சூடான பாகு எளிதில் ஓடுவதால், தலை ஒருமுறை வழி திறந்துவிட்டால் பின்னால் வருவதற்கு ஒல்லியான குழாயே போதும்.

லாவா லாம்ப் இதற்கு உதவாது. அதில் இருப்பது ஒன்றோடொன்று கலக்காத இரண்டு பொருட்கள். மேன்டிலில் ஏறுவதும் சுற்றி இருப்பதும் ஒரே பாறை.

வாங்க வேண்டியவை

லிக்விட் குளுக்கோஸ் 5 கிலோ. கேக், இனிப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். வீட்டில் சீனியைக் காய்ச்சிக் கம்பிப் பதத்தில் எடுத்தால் ஆறும்போது பூத்துவிடும், வேண்டாம்.

மீன்தொட்டிக் கடையில் சொல்லிச் செய்த கண்ணாடித் தொட்டி: உள்ளளவு 15 × 15 செ.மீ., உயரம் 16 செ.மீ., கண்ணாடி 4 மி.மீ. உருண்டை ஜாடியோ பீக்கரோ கூடாது. வளைந்த கண்ணாடி தானே ஒரு லென்ஸ் ஆகி, டார்ச் அடித்துக் காகிதத்தில் விழ வைக்கப் போகும் நிழல் படத்தைக் கெடுத்துவிடும்.

47 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று, 12 வோல்ட் டிசி அடாப்டர் ஒன்று. ரூபாய் நாணயம் அளவு அலுமினியத் தகடு, சிலிக்கான் சீலன்ட், எபாக்ஸிப் பசை, மெல்லிய வயர். சமையலறை வெப்பமானி. பின்சக்கர ஹப்பில் போடும் கால் அங்குல சைக்கிள் பால்ரஸ் குண்டு நாலைந்து. பட்டர் பேப்பர், ஓஎச்பி ஷீட் (கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் தாள்) ஒன்று, டார்ச் உள்ள போன். கேக்குக்குப் போடும் கலர், பவுடராக. திரவக் கலர் வாங்கிவிடாதீர்கள். காரணம் பின்னால் வரும்.

பாகுக்குப் பதம் பார்த்தல்

முழு வேலையிலும் பொறுமை கேட்கும் கட்டம் இதுதான். கடையில் வரும் குளுக்கோஸ் இந்தத் தொட்டிக்கு மிகக் கெட்டி. அப்படியே ஊற்றினால் ப்ளூம் கிளம்ப ஒரு பொழுது ஆகும். பாத்திரத்தோடு 50 டிகிரி வெந்நீரில் வைத்து இளக்கி, முதலில் 250 மி.லி. வெந்நீர் சேருங்கள். கரண்டியை அடியிலிருந்து மெதுவாகத் திருப்பிக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் நுரை ஏறும்.

கொஞ்சத்தை உயரமான கண்ணாடி டம்ளரில் எடுத்து அறை வெப்பத்துக்கு ஆற விடுங்கள். டம்ளரில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, பால்ரஸ் குண்டை நடுவில் விட்டு, கோட்டுக்குக் கோடு எத்தனை விநாடி என்று பாருங்கள். கால் அங்குல எஃகுக் குண்டுக்கு ஸ்டோக்ஸ் விதி தரும் கணக்கு எளிது: விநாடியை 1.4-ஆல் பெருக்கினால் பாகுத்தன்மை பாஸ்கல்-செகண்டில் வரும். டம்ளர்ச் சுவர் குண்டைத் தாமதப்படுத்துவதால் விடை கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். நம் வேலைக்குப் பாதகமில்லை. நமக்கு வேண்டியது 2 விநாடி, அதாவது 2.8. அதுவரை 50 மி.லி. 50 மி.லி. ஆகத் தண்ணீர் சேர்த்துச் சோதியுங்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது நீங்கள் வாங்கிய குளுக்கோஸின் கெட்டியைப் பொறுத்தது. இரண்டு விநாடிக்கும் கீழே போய்விட்டால் எடுத்து வைத்த கெட்டிக் குளுக்கோஸைச் சேர்த்துத் திருத்தலாம். அதனால் ஆரம்பத்திலேயே 300 கிராம் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சோதனைக்கும் அது தேவைப்படும்.

பிறகு மூடி போட்டு ஒரு ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். இந்தப் பதத்தில் 1 மி.மீ. குமிழி தொட்டியின் உயரத்தை ஏற ஐந்தாறு நிமிடம் எடுக்கும். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள குமிழி நூறு மடங்கு மெதுவாக ஏறும், அதாவது பத்து மணி நேரம். அவசரப்பட்டால் நாளைக்குக் குமிழிகளைத்தான் படம் பிடிப்பீர்கள்.

2.8 எங்கிருந்து வந்தது? வெப்பச் சுழற்சியின் வீரியத்தைச் சொல்லும் எண் ராலே எண். அடர்த்தி, ஈர்ப்பு, வெப்ப விரிவு, வெப்ப வித்தியாசம், ஆழத்தின் கனம் எல்லாவற்றையும் பெருக்கி, வெப்பப் பரவுகையாலும் (பொருளுக்குள் வெப்பம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்ற அளவு) பாகுத்தன்மையாலும் வகுக்க வேண்டும். தொட்டிக்கு 1,400 × 9.8 × 0.0004 × 30 × (0.15)³, வகுப்பது 1.1 × 10⁻⁷ × 2.8. விடை சுமார் 18 லட்சம். மேன்டிலுக்கு 4,500 × 10 × 0.00002 × 2,500 × (29 லட்சம் மீட்டர்)³. வகுப்பது 10⁻⁶ × 10²². விடை சுமார் 55 லட்சம். பாகுத்தன்மையில் 21, 22 பூஜ்யம் வித்தியாசம் உள்ள இரண்டு பொருட்கள் மூன்று மடங்கு இடைவெளிக்குள் வந்து நிற்கின்றன. ஆழத்தைக் கனம் எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதே வழியில் நேரக் கணக்கும் கிடைக்கும். ஆழத்தின் வர்க்கத்தை வெப்பப் பரவுகையால் வகுத்து ஒப்பிட்டால், தொட்டியின் 1 விநாடி பூமியின் 13 லட்சம் ஆண்டு. ஒரு நிமிடம் ஏறத்தாழ 8 கோடி ஆண்டு. தொட்டியின் 5 செ.மீ. பூமியில் 970 கி.மீ. இந்த எண்களைத் தாளில் எழுதித் தொட்டியில் ஒட்டிவிடுங்கள்.

அடுப்பும் வெளிச்சமும்

ரெசிஸ்டரின் இரு காலிலும் வயரைப் பற்றவைத்து, உலோகம் தெரியாதபடி சீலன்ட் பூசுங்கள். மேலே அலுமினியத் தகட்டை எபாக்ஸியால் ஒட்டி, தொட்டியின் நட்டநடுவில் தரையோடு சேர்த்துப் பதியுங்கள். வயர் தரையை ஒட்டியே மூலைக்குப் போய்ப் பிறகு மேலே ஏறட்டும். ஒரு நாள் காய வேண்டும். 12 வோல்ட்டில் 47 ஓம் தருவது 3 வாட். குறைச்சலாகத் தோன்றும். ஆனால் 15 ஓம் போட்டு 9.6 வாட் கொடுத்தால் தகட்டை ஒட்டிய பாகு பழுப்பேறி ஆவிக் குமிழி விடும். ரெசிஸ்டரின் 5 வாட் தாங்கு அளவையும் மீறிவிடும். குமிழி பாகை இழுத்துக்கொண்டு ஏறுவது ப்ளூம் மாதிரியே இருக்கும், ஆனால் அது ப்ளூம் இல்லை. வீட்டு மின்சாரத்தில் ஓடும் வாட்டர் ஹீட்டர் கம்பியை இதில் வைக்கவே கூடாது. சூடான பாகு மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கவனம்.

தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் பட்டர் பேப்பரை வெளியிலிருந்து ஒட்டுங்கள். எதிர்ப்பக்கம் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி போன் டார்ச்சை அதே உயரத்தில் வைத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். சூடான பாகில் ஒளிவிலகல் குறைவு. ஆகவே ப்ளூம் ஒளியை விரித்துவிட்டு, பேப்பரில் இருண்ட உருவமாகவும் ஓரத்தில் பளிச்சென்ற கோடாகவும் விழும். சாயமே போடாவிட்டாலும் தெரியும்.

சாயம் போடுவதென்றால், அதே பாகில் நாலு ஸ்பூன் எடுத்துக் கலர் பவுடர் ஒரு சிட்டிகை கலந்து, தகட்டின் மேல் முதலில் ஊற்றி, பிறகு மீதிப் பாகைத் தொட்டிச் சுவர் வழியாக மெல்ல இறக்குங்கள். 15 செ.மீ. உயரம் வந்தால் நிறுத்துங்கள். திரவக் கலரில் தண்ணீர் இருக்கிறது. அது கலந்த பாகு, சூடே இல்லாமல் தானே லேசாகி மேலே போய்விடும்.

முதல் ஓட்டம்

ரசமட்டம் வைத்து மேசையைச் சரி பாருங்கள். ஃபேன், ஏசி நிறுத்துங்கள். மூடி எதுவும் வேண்டாம். சுவிட்சைப் போட்டு நேரம் குறியுங்கள்.

முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது. தகட்டின் மேல் சூடான படலம் தடித்துக்கொண்டே போகிறது, ஒரு செ.மீ. போலத் திரளும்வரை அதற்கு மேலே உள்ள பாகைத் தள்ளிக்கொண்டு போகும் தெம்பு கிடையாது. பூமியிலும் கருவத்தை ஒட்டி அப்படியொரு படலம் உண்டு. சில நூறு கி.மீ. தடிமனுக்குள் ஆயிரம் டிகிரிக்கும் மேல் வெப்பம் மாறும் இடம் அது. பிறகு படலத்தின் நடு மேடாகும், மேடு குமிழ் ஆகும், குமிழ் கழுத்துச் சிறுத்துத் தலையாகும். கிளம்பிய பிறகு வேகம் பிடித்துவிடும்: ஒரு நிமிடத்தில், அதிகம் போனால் இரண்டு நிமிடத்தில் மேல்மட்டத்தைத் தொடும். பூமிக் கணக்கில் 8 முதல் 16 கோடி ஆண்டு; அசல் மேன்டிலில் வீரியம் சற்றுக் கூடுதல் என்பதால் இதைவிடக் குறையும்.

தலை ஏறும்போது கிட்டத்தில் போய்ப் பாருங்கள். சாயம் தலையின் நடுவில் ஏறி, உச்சியில் விரிந்து, ஓரத்தில் கீழே சுருண்டு, சுற்றியுள்ள தெளிந்த பாகையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெட்டிப் பார்த்த வெங்காயம் மாதிரி சாய அடுக்கும் தெளிந்த அடுக்கும் மாறி மாறித் தெரியும். அப்படியென்றால் தலையிலிருந்து வரும் எரிமலைப் பாறையில் அடிமேன்டிலும் வழியில் பிடித்ததும் கலந்திருக்க வேண்டும்; வாலிலிருந்து வருவது சூடாகவும் கலப்பு குறைந்தும் இருக்க வேண்டும். பாறை வேதியியலில் தலையையும் வாலையும் பிரித்துப் பார்க்க முயல்வது இதை வைத்துத்தான்.

மேலே முட்டிய தலை தட்டையாகி இரண்டு மடங்கு அகலத்துக்குப் பரவும். பூமியில் 1,000 கி.மீ. தலை 2,000 கி.மீ. தோசையாகிறது. தக்காணப் பீடபூமியின் கரும்பாறை அடுக்குகள் அப்படி ஒரு தலை வந்து முட்டியதன் தடம் என்பது பரவலான விளக்கம்: 6.6 கோடி ஆண்டுக்கு முன் கொட்டியது, இன்று மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. அதே ப்ளூமின் வால்தான் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் வழியாகத் தெற்கே கோடு இழுத்து, மொரீஷியஸைத் தாண்டி இன்று ரீயூனியன் தீவில் எரிகிறது. வால் இருந்த இடத்திலேயே ஏறக்குறைய இருந்தது. வடக்கே நகர்ந்தது இந்தியா.

கோளாறு வந்தால்

ப்ளூம் பாதி உயரத்தில் நின்று பக்கவாட்டில் விரிந்தால், மேலே தண்ணிப்பாகும் கீழே கெட்டிப்பாகுமாகப் பிரிந்து கிடக்கிறது என்று பொருள். மறுபடி கலக்கி ஒரு ராத்திரி விடுவதைத் தவிர வழியில்லை. (பூமியிலும் 660 கி.மீ. ஆழத்தில் கனிமங்கள் அமைப்பு மாறும் எல்லை ஒன்று இருக்கிறது. அங்கே ப்ளூம் தயங்குமா என்பது நீண்ட நாள் வழக்கு.)

ஒரே பக்கம் சாய்ந்து ஏறினால் ஒரு சுவரில் வெயிலோ அடுப்பங்கரைச் சூடோ படுகிறது. வெப்பமானியை நான்கு மூலையிலும் விட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி வித்தியாசமே சாய்க்கப் போதும். தலையே இல்லாமல் தடித்த தூண் மட்டும் வந்தால் பாகு மிகவும் இளகல். குண்டுச் சோதனைக்குத் திரும்புங்கள். வயர் ஓடும் பாதையில் இரண்டாவது ப்ளூம் கிளம்பினால் பற்றவைத்த இடம் சூடாகிறது.

மூடி ஒன்று: நகரும் தட்டு

ஓஎச்பி ஷீட்டை 13 செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள். தொட்டியின் எதிரெதிர் ஓரங்களில் இரண்டு பென்சிலைக் குறுக்கே, பாகு மட்டத்தைத் தொடுமாறு ஒட்டி, ஷீட்டை அவற்றின் அடியில் நுழைத்துப் பாகின் மேல் படிய விடுங்கள். வால் நிலைத்த பிறகு ஷீட்டைக் கிடையாக இழுக்க வேண்டும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து 5 விநாடிக்கு 1 செ.மீ. 10 விநாடிக்கு ஒருமுறை, ப்ளூம் முட்டும் இடத்துக்கு நேர் மேலே ஷீட்டில் மார்க்கர் புள்ளி. ஷீட்டை எடுத்துப் பார்த்தால் வரிசையாகத் தீவுகள்.

நியாயமாக, ஹவாய்த் தீவுகளைச் சுமக்கும் பசிபிக் தட்டின் ஆண்டுக்கு 9 செ.மீ. வேகத்துக்கு விநாடிக்கு 6 மி.மீ. இழுக்க வேண்டும். இந்தச் சின்னத் தொட்டியில் அவ்வளவு வேகமாக இழுத்தால் மேலே போன பாகு அடியில் எதிர்த்திசையில் திரும்பி வந்து வாலையே இழுத்துப் போய்விடும். அதனால்தான் 2 மி.மீ. இது தொட்டியின் குறை மட்டும் அல்ல. ஹவாய் வாலும் ஆணி அடித்தது போல நிற்கவில்லை, சுமார் 4.7 கோடி ஆண்டுக்கு முந்தைய காலத்தில் அது தெற்கே நகர்ந்திருக்கிறது என்பதை, கடலடி எரிமலைகளைத் துளையிட்டு எடுத்த பாறைகளின் காந்தச் சாய்வு காட்டியது.

புள்ளிகளைக் கொண்டு அசல் கணக்கும் போடலாம். ஹவாயில் ப்ளூமின் மேல் நிற்கும் கிலாவேயா எரிமலையிலிருந்து மிட்வே தீவு ஏறத்தாழ 2,430 கி.மீ., வயது 2.77 கோடி ஆண்டு. வகுத்தால் ஆண்டுக்கு 8.8 செ.மீ. இதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று: தீவின் எந்தப் பாறையின் வயது என்று பார்க்காமல் எடுத்துவிடுவது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவின் பழைய எரிமலைக்கு வயது 30 லட்சத்துக்கும் மேல். அதே தீவில் ஹோனலுலு பக்கம் நிற்கும் டயமண்ட் ஹெட் 10 லட்சத்துக்கும் கீழே. தீவு ப்ளூமைத் தாண்டிப் போன பிறகும் சில இடங்களில் சின்னதாக மறுபடி எரிவதுண்டு. அந்தப் பாறையை வைத்துக் கணக்குப் போட்டால் தட்டு பறக்கும்.

மூடி இரண்டு: செவ்வாய்

தட்டையான அடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் பனிக்கட்டியும் தண்ணீரும் நிரப்பி, பாகின் மேற்பரப்பைத் தொடுமாறு பென்சில்களில் தொங்கவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் குளிர் சுமார் 2 செ.மீ. இறங்கும். அந்தப் பாகு பல மடங்கு இறுகி, நகராத கூரை ஆகிவிடும். கூரையின் அடிப்பக்கம் இளகிய பகுதி அவ்வப்போது சொட்டுவதும் நிழலில் தெரியும். இப்போது சுவிட்சைப் போட்டால் தலை வந்து கூரையில் முட்டி, அதை உடைக்க முடியாமல் அடியில் பரவும். வால் அதே இடத்தைச் சுட்டுக்கொண்டே இருக்கும்.

செவ்வாயில் நகரும் தட்டுகள் இல்லை. ஹவாயில் பல தீவுகளுக்குப் பிரிந்து போகும் எரிகுழம்பு அங்கே ஒரே மலையில் குவிகிறது: ஒலிம்பஸ் மான்ஸ், அகலம் 600 கி.மீ., உயரம் 22 கி.மீ. ஈர்ப்பு பூமியில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு என்பதும் அந்த உயரத்தைத் தாங்க உதவுகிறது. அதைத் தொட்டியில் காட்ட முடியாது. அதன் பக்கத்தில் தார்சிஸ் என்ற பெருமேடு கிடக்கிறது. செவ்வாய் ஆறிப்போன கோள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2018-இல் எலிசியம் சமவெளியில் இறங்கிய இன்சைட் கலம் பதிந்த நடுக்கங்களில் பல, செர்பெரஸ் ஃபோசே என்ற பிளவுகளிலிருந்து வந்தவை. அந்தச் சமவெளிக்கு அடியில் 4,000 கி.மீ. அகலத்தில் இன்றும் ஒரு ப்ளூம் தலை இருக்கிறது என்று 2022-இல் புரோக்கே, ஆண்ட்ரூஸ்-ஹன்னா இருவரும் வாதிட்டார்கள்.

மூடி மூன்று: வெள்ளி

தொட்டியைத் திறந்து வைத்து டேபிள் ஃபேனை மெல்ல மேற்பரப்பில் ஓடவிட்டால் சில மணியில் ஆடை மாதிரித் தோல் கட்டும். ஃபேனை நிறுத்தி, அரை மணி பொறுத்து, சூடு போடுங்கள். தலை அடியில் பரவும்போது தோல் வட்டமாக இழுபடுவதைச் சாய்வாக விழும் வெளிச்சத்தில் பார்க்கலாம். வெள்ளியில் கொரோனா எனப்படும் வட்டத் தடங்கள் ஐந்நூறுக்கும் மேல் உண்டு. மிகப் பெரியது ஆர்ட்டெமிஸ், 2,000 கி.மீ.க்கும் மேல் குறுக்களவு. உண்மையைச் சொன்னால் சர்க்கரைத் தோல் இதற்கு அரைகுறைப் பொருள். சுருங்கும், ஆனால் உடைந்து மூழ்காது. 2017-இல் டவாய் குழுவினர் காயும்போது தோல் கட்டும் சிலிக்கா கரைசலைப் பயன்படுத்தினார்கள். அதில் ப்ளூம் தோலைக் கிழித்து, கிழிந்த ஓரம் அடியில் மூழ்குவதே தெரிந்தது. வெள்ளி இன்றும் எரிகிறதா என்பதற்கு மெகல்லன் விண்கலம் எடுத்த படங்களிலேயே விடை இருந்திருக்கிறது: 1991 பிப்ரவரியில் எடுத்த மாட் மான்ஸ் எரிமலையின் வாய் ஒன்றை அக்டோபர் படத்தோடு 2023-இல் ஒப்பிட்டபோது, அது இரண்டு மடங்கு அளவாக விரிந்திருந்தது.

அடியில் கனமான படலம்

எடுத்து வைத்த கெட்டிக் குளுக்கோஸில் வேறு நிறம் கலந்து, தொட்டியின் அடியில் 4 மி.மீ. தடிமனுக்கு முதலில் பரப்பிவிட்டு, மேலே பதமான பாகை ஊற்றினால் கதை மாறும். கனமான படலம் முழுதாக ஏறாது; அடுப்பைச் சுற்றிக் குவியலாக ஒதுங்கி நிற்கும். ப்ளூம் அந்தக் குவியலின் முகட்டிலிருந்து கிளம்பும், அடிநிறத்தில் நூலளவு கீற்றை மட்டும் இழுத்துக்கொண்டு. ஆப்பிரிக்காவுக்கு அடியிலும் பசிபிக்குக்கு அடியிலும் கருவத்தின் மேல் நிலநடுக்க அலைகள் மெதுவாகச் செல்லும் இரண்டு பெருங்குவியல்கள் உண்டு. ப்ளூம்கள் பலவும் அவற்றின் மேலோ ஓரத்திலோ நிற்கின்றன. படலத்தை 1 செ.மீ. ஆக்கினால் எதுவும் ஏறாமல் போகலாம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே அடுப்பை அணைத்து மறுநாள்வரை விடுங்கள். வால் சில நிமிடத்தில் மங்கிவிடும், ஆனால் மேலே தேங்கிய சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. அதன் மேலேயே அடுத்த தலையை அனுப்பினால் நிழல் படம் குழம்பும். தண்ணீர் சேர்த்த பாகு நாளடைவில் புளித்து நுரைக்கத் தொடங்கலாம். அதுவரை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்ததும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு குண்டுச் சோதனையை மறுபடி செய்துவிட்டு ஊற்றுங்கள்.